போத்தலுக்குள் போன ஒட்சிசன்

சிலாபத்தில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகிறவர்கள் மாதம்பை தாண்டியதும் தென்னந்தோட்டங்களின் அடியைப் பார்க்கவேண்டும். மண் வெளுத்துக் கிடக்கும். கடற்கரை மணலின் பழுப்பு அதில் இல்லை. சீனியைக் கொட்டிப் பரப்பியது மாதிரி இருக்கும். மாதம்பை, நாத்தாண்டிய, மாரவில என்று நீளும் இந்தப் பட்டையில்தான் இலங்கையின் கண்ணாடி மணல் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அம்பன், வல்லிபுரம் பக்கத்திலும் உண்டு. ஆனால் உலைக்குப் போகும் மணல் என்றதும் தொழிலில் இருப்பவர்கள் வாயில் முதலில் வருவது நாத்தாண்டிய.

இந்த வெண்மை பிறவியிலேயே வந்ததல்ல. பழைய காலத்துக் கடலும் காற்றும் குவித்துவிட்டுப் போன மணல் இது. மணிகளின் மேல் ஒட்டியிருந்த இரும்புத் துருவை மழைநீரும் இலைதழை மக்கிய புளிப்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கழுவிக் கழுவிக் கீழே இறக்கிவிட்டன. மழை குறைந்த வடக்கில், வண்ணாத்திவில்லுப் பக்கம் போனால் மண் செக்கச்செவேலென்று இருக்கும். அங்கே துரு மணலை விட்டுப் போகவில்லை. ஒரே புத்தளம் மாவட்டத்துக்குள் இரண்டு நிறம். கண்ணாடிக்காரர்களுக்கு வேண்டியது தெற்கே கிடப்பது.

மணலைச் சிலிக்கா என்கிறோம். ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு ஒட்சிசன் அணு. எடைபோட்டுப் பார்த்தால் தூய மணலில் 53 சதவீதம் ஒட்சிசன்தான். அது கண்ணாடியானதும் பங்கு சற்றுக் குறைந்து 46 சதவீதமாகும். 300 கிராம் எடையுள்ள ஒரு வெறும் போத்தலை எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 138 கிராம் ஒட்சிசன் பூட்டிக்கிடக்கிறது. அதை அப்படியே வாயுவாக விடுவிக்க முடிந்தால் நூறு லீற்றருக்கு மேல் வரும்; சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு ஏழு மணித்தியாலம் செலவழிக்கும் அளவு. விடுவிக்க முடியாது என்பதுதான் கண்ணாடியின் பலம். சிலிக்கனும் ஒட்சிசனும் போட்ட முடிச்சு இலகுவில் அவிழாது. அதனால்தான் அமிலமும் சோடாவும் மருந்தும் அதற்குள் பல வருடம் இருந்தாலும் போத்தலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஒட்சிசன் என்றால் நமக்கு ஆசுபத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நிற்கும் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். தொழிற்சாலைக்காரனுக்கு அது வேறு சாமான். எங்கே கூட்டிக் கொடுப்பது, எங்கே குறைத்துக் கொடுப்பது என்ற கணக்குத்தான் கண்ணாடித் தொழிலிலும் உலோகத் தொழிலிலும் பாதி வேலை. நாத்தாண்டிய மணலின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் அந்தக் கணக்கு ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்படும்.

தோட்டத்துக் குழியில் வெட்டிய மணலைக் கழுவி, சல்லடையில் தரம் பிரித்து, காயவைத்து லொறியில் ஏற்றுகிறார்கள். நிலத்தடி நீர்மட்டம் இந்தப் பக்கத்தில் ஆழமில்லை; வெட்டிய இடம் குளமாகிவிடும். அதைத் திரும்ப நிரப்புவதும் நிரப்பாமல் விடுவதும் தனிக்கதை. லொறி போய்ச் சேரும் இடம் ஹொரண. 1950களில் தொடங்கிய சிலோன் கிளாஸ் கம்பனி நீண்டகாலம் இரத்மலானையில் உலை வைத்திருந்தது. பின்பு இந்தியாவின் பிரமால் குழுமத்தின் கைக்குப் போய், 2000களின் பிற்பகுதியில் ஹொரணையில் நாளொன்றுக்கு 250 தொன் உருக்கும் உலையோடு இடம் மாறியது. 2021இலிருந்து பெயர் பீஜீபீ கிளாஸ் சிலோன். நாட்டில் ஜாம் போத்தலோ சாராயப் போத்தலோ மருந்துப் போத்தலோ கையில் எடுத்தால், அதில் நாத்தாண்டிய மணல் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மணலை மட்டும் போட்டு உருக்க 1,700 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். கட்டுப்படியாகாது. ஆகவே சோடாச் சாம்பலைச் சேர்த்து உருகுநிலையை இறக்குகிறார்கள். சோடா மட்டும் சேர்த்தால் கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுக்கச் சுண்ணாம்புக்கல்லும் தொலமைற்றும் சேர்க்கிறார்கள். இவற்றோடு உடைந்த கண்ணாடியும் சேரும். உலைக்குள் விழுந்த கொஞ்ச நேரத்தில் சோடாவும் சுண்ணாம்பும் காபனீரொட்சைட்டைக் கக்கும். போட்ட மூலப்பொருளின் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவு இப்படிப் புகைபோக்கி வழியாகவே போய்விடும். மிஞ்சுவது 1,500 பாகைக்கு மேல் கொதிக்கும், தேன் மாதிரித் தடித்த ஒரு குழம்பு. இந்த உலையை ஒருமுறை மூட்டினால் பத்துப் பன்னிரண்டு வருடம் அணைப்பதில்லை. இரவும் போயாவும் வருடப்பிறப்பும் அதற்குக் கிடையாது.

இங்கேதான் வெளியிலிருந்து வரும் ஒட்சிசன் நுழைகிறது, எரிப்பதற்காக. வழக்கமான போத்தல் உலை காற்றைக் கொண்டுதான் எரிக்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒட்சிசன். மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் நைதரசன். அது எரிவதுமில்லை, எரியவிடுவதுமில்லை. உலைக்குள் போய், 1,500 பாகைக்குச் சூடேறி, வந்த வெப்பத்தையும் சுருட்டிக்கொண்டு வெளியே போகும். இந்த வீண்செலவைக் குறைக்க பிரெட்றிக் சீமென்ஸ் 1856இல் ஒரு வழி கண்டார். வெளியேறும் சுடுபுகையைச் செங்கல் அடுக்குக்குள் விட்டுச் செங்கலைச் சூடாக்குவது. சிறிது நேரத்தில் திசையை மாற்றி, உள்ளே வரும் காற்றை அதே செங்கல் வழியே இழுத்துச் சூடேற்றுவது. இன்றைக்கும் உலகத்துப் போத்தல் உலைகளில் பெரும்பாலானவை இருபது நிமிடத்துக்கொருமுறை இப்படி மூச்சைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

நைதரசனை உள்ளேயே விடாவிட்டால் என்ன என்ற கேள்வி கடைசியில் வந்தது. 1990களில் அமெரிக்காவில் பல கண்ணாடி ஆலைகள் காற்றை நிறுத்திவிட்டுத் தூய ஒட்சிசனால் எரிக்கத் தொடங்கின. நைதரசன் ஒட்சைட்டுப் புகைக்கு அங்கே வந்த கட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். சுவாலையின் வெப்பம் ஏறியது, புகையின் அளவு காற்று உலையில் இருந்ததைவிடப் பல மடங்கு சுருங்கியது. ஆனால் ஒட்சிசனுக்குக் காசு கொடுக்கவேண்டும். காற்று சும்மா வருகிறது. மலிவான போத்தல் செய்கிறவர்கள் தயங்கி நின்றார்கள். கண்ணாடி இழை செய்கிறவர்களும் விசேடக் கண்ணாடி செய்கிறவர்களும் மாறிக்கொண்டார்கள். அந்தக் கண்ணாடி இழை பற்றிப் பின்னால் சொல்கிறேன். புத்தளம் கரைக்கு அது மணலைவிட நெருக்கமான சாமான்.

காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கும் வித்தை ஜேர்மனியின் கார்ல் வொன் லிண்டேயுடையது. 1895இல் காற்றைத் திரவமாக்கினார். 1902இல் அந்தத் திரவத்தை வடித்து ஒட்சிசனைத் தனியே எடுத்தார். நைதரசன் மறை 196 பாகையில் கொதித்துப் பறக்கும்; ஒட்சிசன் மறை 183 வரை திரவமாகவே அடியில் தங்கும். இடையில் உள்ள பதின்மூன்று பாகைதான் முழுத் தொழிலும். அடியில் தங்கும் அந்தத் திரவம் இளநீலமாக இருக்கும். ஒரு லீற்றர் திரவம் வாயுவானால் 800 லீற்றருக்கு மேல். இலங்கையில் இந்த வேலையைச் செய்வதில் பழைய பெயர் கொழும்பு முகத்துவாரத்துச் சிலோன் ஒக்சிஜன்; 1930களில் தொடங்கியது. காற்றுக்கு விலையில்லாவிட்டாலும் அதைக் குளிரவைக்கும் மின்சாரத்துக்கு உண்டு. ஒரு தொன் ஒட்சிசனுக்குச் சில நூறு அலகு போய்விடும். நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு வருவது எங்கிருந்து? இதே புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலிருந்து. 2011இல் முதலாவது மின்பிறப்பாக்கியும் 2014க்குள் மற்ற இரண்டுமாக, 900 மெகாவாற்றுக்கு அங்கே நிலக்கரி எரிகிறது. புத்தளத்துக் கடற்காற்றின் ஒட்சிசனை நிலக்கரியோடு எரித்து வரும் மின்சாரத்தில் கொழும்புக் காற்றின் ஒட்சிசனைப் பிரிக்கிறோம் என்று வையுங்கள்.

உலைக்குள் திரும்புவோம். குழம்பு முழுக்கக் குமிழி. அது அப்படியே உறைந்தால் போத்தலெல்லாம் பொத்தல். குமிழியை ஓட்ட இன்னொரு வாயுவை விடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. மூலப்பொருளோடு கொஞ்சம் சோடியம் சல்பேற்று கலந்திருக்கும். 1,450 பாகையை நெருங்கும்போது அது உடைந்து கந்தகவீரொட்சைட்டும் ஒட்சிசனும் வெளிவரும். இவை சின்னக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெருக்க, பெருத்தவை மேலே ஏறி உடைந்துபோகும். மேலே வர முடியாமல் அகப்பட்ட சில்லறைக் குமிழிகளில் இருக்கும் ஒட்சிசனைக் குழம்பு ஆறும்போது கண்ணாடியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது நிறம். எவ்வளவு கழுவினாலும் மணலில் துளி இரும்பு மிஞ்சும். ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், பக்கவாட்டில் பார்த்தால் போத்தல் பச்சையடிக்கும். அந்த இரும்பு என்ன நிறம் காட்டும் என்பதை ஒட்சிசன்தான் தீர்மானிக்கிறது. ஒட்சிசன் குறைந்தால் இரும்பு நீலப்பச்சை காட்டும், அதுவும் கடுமையாக. ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால் வெளிர் மஞ்சளாகும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மங்கனீசு ஈரொட்சைட்டை ஒரு பிடி சேர்த்தால் அது ஒட்சிசனை இரும்புக்குக் கொடுத்து நிறத்தை வெளிறவைக்கும் என்பது உரோமர் காலத்துக் கண்ணாடிக்காரர்களுக்கே கைவந்த வேலை. இன்றைக்கு மிஞ்சிய மஞ்சளை மறைக்கச் செலீனியமும் கோபாற்றும் துளித்துளியாகச் சேர்க்கிறார்கள்.

பழுப்புப் போத்தலில் கணக்கு தலைகீழ். அதே மணல், அதே சோடா. கூடவே கொஞ்சம் கரித்தூள். கரி குழம்பிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கும். கந்தகம் சல்பைட்டாக மாறி இரும்போடு கூட்டுச் சேர்ந்தால் வருவதுதான் அந்தத் தேன்பழுப்பு. பியரைக் கெடுக்கும் நீல ஒளியையும் ஊதாவுக்கு அப்பாலுள்ள ஒளியையும் அது மறித்துவிடும். சல்பைட்டையும் துருநிலை இரும்பையும் ஒரே குழம்பில் ஒன்றாக வைத்திருப்பது கத்திமுனையில் நடப்பது. ஒட்சிசன் கொஞ்சம் கூடினால் சல்பைட்டு அழிந்து நிறம் வெளுத்துவிடும்; கொஞ்சம் குறைந்தால் இரும்பு பச்சைக்குச் சாய்ந்துவிடும். வெள்ளைப் போத்தலுக்கு ஒட்சிசனைக் கூட்டி, பழுப்புப் போத்தலுக்குக் குறைத்து என்று, ஒரே மணலிலிருந்து இரண்டு சாமான் எடுப்பவன் உண்மையில் விற்பது நிறத்தையல்ல, ஒட்சிசன் கணக்கை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதே கணக்கைச் சிலாபத்துக் களப்போரத்துப் பட்டறையில் கண்ணால் காணலாம். கறுப்புச் சிலிண்டரில் ஒட்சிசன், கருஞ்சிவப்பில் அசற்றலீன். படகின் உடைந்த வெண்கலச் சுழலியைப் பித்தளைக் கம்பியால் ஒட்டுகிறவர், சுவாலையின் உள்கூம்பைப் பார்த்துப் பார்த்து ஒட்சிசன் திருகியைத் திருப்புகிறார். சரிபாதியில் நின்ற கூம்பை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்குவார். சீறல் சத்தம் கொஞ்சம் ஏறும். ஒட்சிசன் துளி கூடிய அந்தச் சுவாலையில்தான் பித்தளையிலுள்ள நாகம் புகைந்து ஓடாமல் நிற்கும். உருக்குத் தகடு ஒட்டவேண்டுமென்றால் அதே ஆள் திருகியைக் குறைத்துச் சரிபாதிக்குக் கொண்டுவருவார். மானி கிடையாது, கண்ணும் காதும்தான்.

உருக்கை வெட்டுவது இன்னும் விசேடம். தகட்டின் ஓரத்தைச் செம்மஞ்சளாகும்வரை சூடாக்கி, நெம்பை அழுத்தித் தனி ஒட்சிசனைப் பீச்சினால் தகடு உருகுவதில்லை, எரிகிறது. இரும்பே விறகு. வந்த துரு இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி ஒழுகுவதால் வெட்டு முன்னே போகும். துருப்பிடிக்காத உருக்கில் இது பலிக்காது. குரோமியத்தின் ஒட்சைட்டு உருகாமல் மேலே பாய்விரித்து நிற்கும். பட்டறையில் பழகவரும் பொடியனுக்கு முதல் பாடம், "கிறீஸ் கையோட வால்வைத் தொடாத தம்பி" என்பதுதான். 150 வளிமண்டல அமுக்கத்தில் நிற்கும் ஒட்சிசன் எண்ணெயைக் கண்டால் தீக்குச்சி கேட்காது. என்ஜின் எண்ணெய் ஊறிய கைகள்தான் எங்கும் இருக்கும் கரையில் இது சின்ன விசயமல்ல.

அந்த உருக்கும் ஒட்சிசனின் பிள்ளைதான். தாதுவிலிருந்து ஒட்சிசனைக் கரியால் பிடுங்கினால் வருவது கரி மிஞ்சிய வார்ப்பிரும்பு. அந்தக் கரியை எரிக்க மறுபடி ஒட்சிசனை ஊதவேண்டும். ஹென்றி பெசமர் காற்றை ஊதினார். அவர் அதை அறிவித்ததும் சீமென்ஸ் கண்டுபிடித்த அதே 1856இல்தான். காற்றின் நைதரசன் உருக்கை நொறுங்கவைத்தது. 1952இல் ஒஸ்திரியாவின் லின்சில் தூய ஒட்சிசனை மேலிருந்து ஊதினார்கள். இருபது நிமிடத்தில் ஒரு கலம் நிறைய உருக்கு. இன்று உலக உருக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த வழியில்தான் வருகிறது. அதனால்தான் பெரிய உருக்காலை எங்கே இருக்கிறதோ அங்கே பெரிய ஒட்சிசன் ஆலையும் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

2021இல் அது எல்லோருக்கும் தெரியவந்தது. ஏப்ரலில் இந்தியாவில் கோவிட் நோயாளிகளுக்கு ஒட்சிசன் இல்லாமல் போனபோது, வெற்றுத் தாங்கிகளோடு முதல் ஒட்சிசன் ரயில் ஓடியது விசாகப்பட்டினம் உருக்காலைக்கு. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், கற்பிட்டிக்கு மேற்குப் பக்கத்துத் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் தாமிர ஆலை, அதை எதிர்த்துப் போராடியவர்கள்மேல் 2018 மேயில் நடந்த பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்த பிறகு மூடிக்கிடந்தது. தாமிரத் தாதுவிலுள்ள கந்தகத்தையும் இரும்பையும் எரிக்க ஒட்சிசன் செறிந்த காற்றை ஊதும் உலை அது. ஒட்சிசன் அலகு சொந்தமாகவே இருந்தது. அந்த அலகை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27இல் அனுமதி கொடுத்தது. மே 13இல் 4.8 தொன் ஏற்றிய முதல் தாங்கி திருநெல்வேலிக்குப் போனது. சுட்டவர்கள்மேல் இருந்த கோபமும் சுவாசத்துக்கான தேவையும் ஒரே ஊரில் மோதிக்கொண்ட வாரங்கள் அவை. ஓகஸ்டில் தட்டுப்பாடு நம் பக்கம் வந்தபோது, சென்னையிலிருந்து 40 தொன்னையும் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன்னையும் கப்பல்கள் கொழும்புக்குக் கொண்டுவந்தன. இரண்டு கப்பலுக்கும் ஒரே பெயர், சக்தி; ஒன்று நம்முடைய கடற்படையினது, மற்றது இந்தியாவினது.

அந்த ஏப்ரலில் இந்தியா தொழிற்சாலைகளுக்கு ஒட்சிசன் கொடுப்பதை நிறுத்தியபோது ஒன்பது வகைத் தொழில்களுக்கு விலக்கு வைத்தது. அதில் ஒன்று ஊசிமருந்துக் குப்பிகள் செய்யும் தொழில். குப்பிக் கண்ணாடி சாதாரணச் சோடாக் கண்ணாடியல்ல. போரோன் சேர்ந்தது, உருகக் கடினமானது. உருக்கவும், குழாயைச் சூடாக்கிக் கழுத்து நெளிக்கவும் ஒட்சிசன் சுவாலை வேண்டும். குப்பிக்கு ஒட்சிசன் கொடுக்காவிட்டால் தடுப்பூசியை எதில் நிரப்புவது? நோயாளிக்கும் நோய் வராமல் தடுக்கும் குப்பிக்கும் ஒரே தாங்கியிலிருந்து பங்கு பிரிக்கவேண்டி வந்தது.

இனி அந்தக் கண்ணாடி இழை. கற்பிட்டியிலும் உடப்பிலும் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகள் எல்லாம் அடிப்படையில் கண்ணாடி. 1960களின் இறுதியில் நோர்வே உதவியோடு யாழ்ப்பாணத்துக் காரைநகரில் தொடங்கிய சீநோர் போன்ற பட்டறைகள் வழியாக இந்தப் படகு வடக்கில் பரவியது. மரத்தோணியும் கட்டுமரமும் பின்தள்ளப்பட்டன. படகு செய்கிறவர்கள் பிசினில் நனைத்து ஒட்டும் வெள்ளை இழைப்பாய் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒட்சிசன் சுவாலைக்கு முதலில் மாறியவற்றில் இந்த இழை செய்யும் உலைகளும் உண்டு. மணல் இங்கே கிடக்கிறது, இழை வெளியிலிருந்து வருகிறது. நாத்தாண்டிய மணலில் இழை இழுக்க ஒரு உலை வைத்தாலென்ன என்று கேட்பவர்களுக்குப் பதில், அதற்கு மணலைவிட முக்கியம் மலிவான மின்சாரமும் ஒட்சிசனும் என்பதுதான்.

உடைந்த படகை யாரும் வாங்கமாட்டார்கள். பிசின் கலந்துவிட்ட கண்ணாடியை உலை ஏற்காது. உடைந்த போத்தலுக்கு அந்தக் குறையில்லை. அதில் காபனீரொட்சைட்டு ஏற்கனவே போய்விட்டது. மணலைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். பழைய போத்தல் எடுக்கிறவர் வீட்டுக்கு வந்தால் வெள்ளையையும் பழுப்பையும் பச்சையையும் வேறு வேறு சாக்கில் போடுவதைக் கவனிக்கலாம். அதற்குப் பின்னால் நிற்பது பழைய கணக்குத்தான். பழுப்புக் கண்ணாடியில் சல்பைட்டும் ஒட்சிசன் பசியும் இருக்கின்றன. வெள்ளை உலைக்குள் அது தவறிப் போனால் சல்பேற்றோடு மோதி நுரை தள்ளும், நிறமும் கெடும்.

வகைபிரிக்காமல் குப்பைக்குப் போன போத்தல்கள் வேறு வழியில் வந்தன. 2017 ஏப்ரலில் மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்புக் குப்பைக்கு இடமாகப் புத்தளத்து அறுவைக்காட்டில், சுண்ணாம்புக்கல் தோண்டிய குழியில் நிரப்பகம் கட்டினார்கள். புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். 2019 ஓகஸ்டில் லொறிகள் வந்தன. கொழும்பில் குப்பைக்கூடைக்குள் விழுந்த போத்தல் நாத்தாண்டியாவைக் கடந்து, தான் புறப்பட்ட தெற்கிலிருந்து செம்மண் கிடக்கும் வடக்குக்குப் போனது. உருக்கினால் மீண்டும் போத்தலாகும் ஒரு சாமானை அங்கே குழிக்குள் போட்டு மூடிவிட்டு, நாத்தாண்டியாவில் புதுக் குழி வெட்டுகிறோம்.